பாட்டிக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து... ஒரு கொலை!

எங்கள் அப்பார்ட்மென்ட்டில் போன மாதம் ஒரு குற்றம் நடந்தது. பதற வேண்டாம், ரத்தமெல்லாம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பேப்பர் காணாமல் போனது.

காலை ஆறு மணிக்கு வாசலில் விழும் பேப்பர், நாங்கள் கதவைத் திறக்கும் ஏழரைக்கு இருக்காது. மதியம் பார்த்தால் படிக்கட்டு ஓரத்தில் மடித்து வைக்கப்பட்டிருக்கும். உள்ளே ஒரு பக்கத்தில் ஒரு துண்டு கத்தரிக்கப்பட்டிருக்கும். நாலு வாரம் இதே கதை. குடியிருப்போர் வாட்ஸ்அப் குரூப் கொதித்தது. ஒருவர் சிசிடிவி கேமராவுக்கு கொட்டேஷன் வாங்கிப் போட்டார். இன்னொருவர், 'வாட்ச்மேன்தான் எடுத்துப் படிக்கிறார், டிபன் மடிக்கக் கிழிக்கிறார்' என்று தீர்ப்பே எழுதிவிட்டார். அதற்குப் பன்னிரண்டு கட்டைவிரல்கள். 'ஆளை மாத்திடலாம்' என்று அடுத்த மெசேஜ். அதற்கும் கட்டைவிரல்கள். அதில் ஒன்று என்னுடையது என்பதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் களேபரத்தில், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கண் ஆபரேஷனுக்காக வந்து எங்களோடு தங்கியிருக்கும் என் அப்பத்தா, ரெண்டாவது வாரமே என்னிடம் கேட்டார். "ஏத்தா, வெட்டுன துண்டு எந்தப் பக்கம்னு பாத்தியா?"

நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "அப்பத்தா, கொஞ்சம் சும்மா இருங்களேன், மீட்டிங்ல இருக்கேன்" என்றேன்.

பேப்பரை எடுத்தது யார் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், அந்த 'சும்மா இருங்களேன்' என்ற என் வாக்கியத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் இந்த வாரம் நான் படித்த, பார்த்த கதைகள் அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்துக்குச் சொல்லப்பட்ட பதில்கள்தான். வயதான பெண்மணி துப்பறிகிற, சிரித்துக்கொண்டே படிக்கிற மர்மக் கதைகள். மேலைநாட்டுப் புத்தகக் கடைகளில் இதற்குத் தனி ஷெல்ஃபே உண்டு.

ஆறு பேரா, அஞ்சு பேரா?

இந்த வகைக்கெல்லாம் மூத்தவர் யார் என்று கேட்டால் எல்லோரும் சொல்லும் பெயர் மிஸ் மார்ப்பிள். அகதா கிறிஸ்டியின் கதாபாத்திரம். இங்கிலாந்தில் செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமம். அங்கே கல்யாணமே செய்துகொள்ளாத, எப்போதும் கையில் கம்பளி நூலும் பின்னல் ஊசியுமாக இருக்கிற ஒரு வயதான அம்மா.

அவர் முதன்முதலில் அச்சில் வந்தது 1927 டிசம்பரில், ஒரு சிறுகதையில். ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக் கூடத்தில் சிலர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் எழுத்தாளர், ஓர் ஓவியர், ஒரு பாதிரியார், ஒரு வக்கீல், ஸ்காட்லாந்து யார்டில் உயர் பதவியில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஆளுக்கொரு மர்மம் சொல்வோம், மற்றவர்கள் விடை கண்டுபிடிக்கட்டும் என்று விளையாட்டு ஆரம்பிக்கிறது. எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணுகிறார்கள். ஐந்து. அப்போதுதான் மூலையில் பின்னிக்கொண்டிருக்கும் மிஸ் மார்ப்பிள், என்னை விட்டுவிட்டீர்களே என்று மெதுவாக ஞாபகப்படுத்துகிறார். அவர் உட்கார்ந்திருப்பது அவருடைய சொந்த வீட்டில்!

மிஸ் மார்ப்பிள் இலக்கியத்துக்குள் நுழைந்த விதம் இதுதான். எண்ணிக்கையில் விடுபட்டவராக. அந்தக் கதையில் விடையைச் சொல்வதும் அவர்தான் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டுமா? ஒரு ராத்திரிச் சாப்பாடு, அதற்குப் பிறகு ஒரு சாவு. ஸ்காட்லாந்து யார்டுக்காரர் சொல்லச் சொல்ல, மற்ற நாலு பேரும் பெரிய பெரிய தியரிகளை அவிழ்க்கிறார்கள். மிஸ் மார்ப்பிள் மட்டும் இனிப்புப் பலகாரத்தின் மேல் என்ன தூவியிருந்தார்கள் என்று யோசிக்கிறார். சமையலறைக்குள் போகாதவனுக்கு அந்தக் கேள்வி தோன்றவே தோன்றாது.

அவருடைய துப்பறியும் முறையே இதுதான். பூதக்கண்ணாடி கிடையாது, ரசாயனப் பரிசோதனை கிடையாது. யாராவது ஒரு பெரிய மனிதரைப் பற்றிச் சொன்னால், 'இவரைப் பார்த்தால் எங்கள் ஊர் மீன்காரர் வீட்டுப் பையன் ஞாபகம் வருகிறது' என்கிற தினுசில் ஆரம்பிப்பார். கேட்பவர்கள் பாட்டிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று நினைப்பார்கள். ஆனால் அந்தப் பையன் செய்த சின்னத் திருட்டும், இந்தக் கனவான் செய்த பெரிய கொலையும் ஒரே மனசிலிருந்து வந்தவை என்று கடைசியில் புரியும். ஒரு கிராமத்தை நாற்பது ஐம்பது வருஷம் கவனித்துப் பார்த்தவருக்கு, உலகத்தில் புதிதாக எந்த மனிதனும் பிறந்துவிடுவதில்லை.

இதில் எனக்குப் பிடித்த பின்கதை ஒன்று இருக்கிறது. 1926-ல் வந்த 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்டு' நாவலில் கரோலின் ஷெப்பர்டு என்று ஒரு பாத்திரம். டாக்டரின் அக்கா. வீட்டை விட்டு நகராமலேயே ஊரின் சகல சமாசாரமும் அறிந்தவர். அந்த நாவலை 1928-ல் லண்டனில் 'அலிபை' என்ற பெயரில் மேடை நாடகமாகப் போட்டபோது, கரோலினை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இளம்பெண்ணைப் போட்டுவிட்டார்கள். கிறிஸ்டிக்கு அது ரொம்பவே வருத்தம். தன் சுயசரிதையில் அதைச் சொல்லி, மிஸ் மார்ப்பிளுக்கு முன்னோடி கரோலினாக இருக்கலாம் என்கிறார்.

நூறு வருஷமாகப் போகிறது. ஸ்கிரிப்ட்டில் இருக்கும் ஐம்பது வயதுப் பெண்ணை இருபத்தைந்து ஆக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆனால் கிறிஸ்டி விடவில்லை. மிஸ் மார்ப்பிளை வைத்து 12 நாவல், 20 சிறுகதை எழுதினார். முதல் கதை வெளிவந்தபோது கிறிஸ்டிக்கு வயது 37 என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பாட்டியை எழுத, பாட்டியாக இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி பேசும்போது லேப்டாப்பை மூடியிருந்தால் போதும்.

மிஸ் மார்ப்பிளுக்கும் முன்னால் ஒருவர் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் அன்னா கேதரின் கிரீன் 1897-ல் எழுதிய 'தட் அஃபேர் நெக்ஸ்ட் டோர்' நாவலின் அமீலியா பட்டர்வொர்த். நியூயார்க்கில் வசதியான வீடு, தனி வாழ்க்கை. ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியாகப் பார்க்கிறார். பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டுக்குள் ஓர் ஆணும் பெண்ணும் போகிறார்கள். மறுநாள் அந்த வீட்டில் ஒரு பெண்ணின் பிணம். கதையைச் சொல்வதும் அமீலியாவே. 'நான் ஒன்றும் அடுத்த வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவள் இல்லை' என்று நமக்கு உறுதி சொல்லிக்கொண்டே மூக்கு, தலை, கால் என எல்லாவற்றையும் நுழைப்பார். தன்னைப் பற்றி அவர் சொல்வதற்கும், அவர் செய்வதற்கும் நடுவில் இருக்கிற அந்த இடைவெளியில்தான் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது.

ரெண்டு டாக்டர்கள், ஒரே மருந்து

இந்தக் கதைகளை வரிசையாகப் படித்தபோது ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. இரண்டு வெவ்வேறு நாட்டு எழுத்தாளர்கள், நாலு வருஷ இடைவெளியில், கிட்டத்தட்ட ஒரே காட்சியை எழுதியிருக்கிறார்கள்.

முதலாவது, 1962-ல் வந்த மிஸ் மார்ப்பிள் நாவல், 'தி மிரர் கிராக்டு ஃப்ரம் சைட் டு சைட்'. இப்போது மிஸ் மார்ப்பிளுக்கு நிஜமாகவே தள்ளாமை. பின்னும்போது தையல் நழுவுகிறது. தோட்ட வேலை கூடாது என்று உத்தரவு. கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெண்மணியை அமர்த்தியிருக்கிறார்கள். அந்தம்மா நல்லவர்தான். ஆனால் மிஸ் மார்ப்பிளைச் சின்னக் குழந்தைபோல நடத்துவார். 'நாம இப்ப மருந்து குடிக்கலாமா', 'நாம கொஞ்சம் தூங்கலாமா' என்கிற மாதிரி 'நாம' போட்டுப் பேசுவார். வீட்டில் வயதானவர்களோடு நாம் பேசுவதை ஒருமுறை ரெக்கார்ட் பண்ணிக் கேட்டுப் பாருங்கள். அந்த 'நாம' அங்கேயும் இருக்கும்.

ஊர் டாக்டர் ஹேடாக் வந்து பார்க்கிறார். பல வருஷப் பழக்கம். உடம்பைச் சோதித்துவிட்டு அவர் சிபாரிசு செய்கிற மருந்து என்ன தெரியுமா? நல்லதாக ஒரு கொலை. துப்புத் துலக்க ஒரு கொலை கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். சீக்கிரமே ஊரில் ஒரு கொலை விழுகிறது. மிஸ் மார்ப்பிளுக்குத் தெம்பு வந்துவிடுகிறது. படிக்கும்போது வாய்விட்டுச் சிரித்தேன்.

இரண்டாவது காட்சியில் அப்படிச் சிரிக்க முடியவில்லை.

1966-ல் அமெரிக்க எழுத்தாளர் டோரத்தி கில்மன் எழுதிய 'தி அன்எக்ஸ்பெக்டட் மிஸஸ் பாலிஃபாக்ஸ்'. எமிலி பாலிஃபாக்ஸ், அறுபதைத் தாண்டிய விதவை. நியூஜெர்சியில் ஓர் அப்பார்ட்மென்ட். பிள்ளைகள் வளர்ந்து வெளியூரில் செட்டில் ஆகிவிட்டார்கள். பணக்கஷ்டம் இல்லை. தோட்டக் கழகம், ஆஸ்பத்திரியில் தன்னார்வத் தொண்டு என்று நாள் நிரம்பித்தான் இருக்கிறது. ஆனால் மனசு நிரம்பவில்லை. மொட்டைமாடியில் தொட்டிகளில் ஜெரேனியம் பூச்செடி வளர்க்கிறார். ஒரு நாள் அங்கே நிற்கும்போது, விளிம்புக்கு ரொம்பவே பக்கத்தில் போய்விடுகிறார்.

ஒரு காமெடி நாவலின் ஆரம்பத்தில் இது வருகிறது. கில்மன் இதை அழுகையாக நீட்டவில்லை; ஒரு நிழலைப்போலக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும், இந்த அம்மாவுக்கு உண்மையில் என்ன நோய் என்று.

டாக்டரிடம் போகிறார். டாக்டர் ஒரு கேள்வி கேட்கிறார். ரொம்ப நாளாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டு, செய்யாமலே விட்ட ஏதாவது இருக்கிறதா? மிஸஸ் பாலிஃபாக்ஸ் யோசித்துச் சொல்கிறார். இருக்கிறது. சின்ன வயதில் உளவாளி ஆக வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

அப்புறம் என்ன? தலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராக சிஐஏ தலைமை அலுவலகத்துக்குப் போய், வேலை இருக்கிறதா என்று கேட்கிறார். பேட்டி எடுத்தவர் மரியாதையாகத் தட்டிக் கழிக்கிறார். அந்த நேரம் பார்த்து, டூரிஸ்ட் போலத் தெரியும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருக்கும் அதிகாரி கார்ஸ்டேர்ஸ் கண்ணில் இவர் படுகிறார். ஓர் ஆள் மாறாட்டம். அவ்வளவுதான், பாட்டி உளவாளி! மெக்சிகோ சிட்டிக்குப் போ, ஒரு புத்தகக் கடையில் ஒரு புத்தகத்தை வாங்கிக்கொண்டு வா, இவ்வளவுதான் வேலை என்று அனுப்புகிறார்கள். அது எங்கே போய் முடிகிறது என்றால், அல்பேனியாவின் மலைச் சிறையில்.

அங்கே இந்த அம்மா பிழைக்கிற விதம்தான் நாவலின் சுவாரஸ்யம்.  மனிதர்களோடு இருக்கத் தெரியும். காவல் காப்பவனிடமும் நலம் விசாரிக்கத் தெரியும். பயத்தை அடக்கச் சீட்டுக்கட்டை எடுத்துத் தனியாக ஆடத் தெரியும். பிள்ளை வளர்த்தது, வீட்டு நிர்வாகம், தொண்டு வேலை என்று 'வேலை' என்ற பெயரே கொடுக்காமல் நாற்பது வருஷம் செய்ததெல்லாம் அந்தச் சிறையில் திறமையாக மாறுகிறது. 1966-ல் ஆரம்பித்த மிஸஸ் பாலிஃபாக்ஸின் பயணம் 2000 வரை 14 நாவல்களாக ஓடியது. நடுவில் கராத்தே வேறு கற்றுக்கொண்டார்!

இரண்டு டாக்டர்களும் கண்டுபிடித்த நோய் ஒன்றுதான். சர்க்கரை, பிரஷர் எதிலும் அது தெரியாது. 'இனி உன்னிடம் கேட்க எதுவும் இல்லை' என்று உலகம் நினைப்பதால் வருகிற நோய் அது. கொலை, உளவு எல்லாம் கதைக்காக. உண்மையான மருந்து, யாரோ ஒருவர் அவர்களிடம் வந்து 'நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்பது.

ஒரு நடிகை, மூன்று பாட்டிகள்

மிஸ் மார்ப்பிளைத் திரையில் எப்படிக் காட்டுவது என்பதிலேயே ஒரு சண்டை உண்டு. 1961-லிருந்து 1964 வரை வந்த நாலு படங்களில் மார்கரெட் ரூதர்ஃபோர்டு நடித்தார். குதிரை ஏறுவார், வாள் சண்டை போடுவார், அதிரடிக் காமெடி. அதில் இரண்டு படங்களின் மூலக்கதை, மிஸ் மார்ப்பிள் நாவலே இல்லை. ஹெர்க்யூல் பொய்ரோ துப்பறிந்த நாவல்கள். மீசைக்காரரைத் தூக்கிவிட்டுப் பாட்டியைப் போட்டார்கள். 'அலிபை' நாடகத்துக்குக் கிடைத்த பழிவாங்கல் என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் கிறிஸ்டிக்கு அந்தப் படங்கள் பிடிக்கவில்லை. ஆனாலும் நடிகை மீது மதிப்பு. அந்த 1962 நாவலை ரூதர்ஃபோர்டுக்குத்தான் சமர்ப்பித்தார்.

இன்னொரு நடிகை, ஏஞ்சலா லேன்ஸ்பரி. 1980-ல் மிஸ் மார்ப்பிளாக நடித்தார். 1984-லிருந்து 1996 வரை 'மர்டர், ஷீ ரோட்' தொலைக்காட்சித் தொடரில் ஜெசிகா ஃப்ளெட்சர்: கணவரை இழந்த, ஓய்வு பெற்ற இங்கிலீஷ் டீச்சர், இப்போது மர்ம நாவலாசிரியை. 12 சீசன், 264 எபிசோடு. அந்தம்மா வசிக்கும் கேபட் கோவ் என்ற குட்டிக் கடலோர ஊரில் விழுந்த கொலைகளைக் கணக்குப் போட்டால், அங்கே வீட்டு வாடகை ரொம்பக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு 1999-ல் அதே லேன்ஸ்பரி, டிவி படம் ஒன்றில் மிஸஸ் பாலிஃபாக்ஸ். நடிகைகளுக்கு வயதானால் அம்மா வேஷம்கூடக் கிடைக்காமல் போகிற தொழிலில், பாட்டி துப்பறிவாளர்கள் ஒரு நடிகைக்கு இருபது வருஷம் கதாநாயகி இடம் கொடுத்தார்கள்.

ஜெயில் நல்லா இருக்கும்போல!

இது பழங்கதை இல்லை. இப்போதும் இந்த ஷெல்ஃப் நிரம்பிக்கொண்டே இருக்கிறது.

ஸ்வீடன் எழுத்தாளர் கேதரினா இங்கெல்மன்-சண்ட்பெர்க் 2012-ல் எழுதிய நாவலின் நாயகி மார்த்தாவுக்கு வயது 79. இருப்பது முதியோர் இல்லத்தில். நிர்வாகம் செலவைக் குறைக்கிறேன் என்று சாப்பாட்டில் கை வைக்கிறது. சீக்கிரம் படுக்கப் போகச் சொல்கிறது. டிவியில் சிறைச்சாலை பற்றிய நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கும் மார்த்தாவுக்கு ஞானோதயம்: கைதிகளுக்கு நம்மைவிட நல்ல சாப்பாடு, தினமும் வெளியே நடக்கவும் விடுகிறார்கள்! உடனே நாலு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு, ஜெயிலுக்குப் போவதற்காகவே குற்றம் செய்யத் திட்டம் போடுகிறார். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டே மியூசியத்தில் ஓவியம் திருடுகிறார்கள். அவர்களை யாருமே சந்தேகப்படுவதில்லை என்பதுதான் பிரச்னை. மாட்டிக்கொள்ளவே பாடுபட வேண்டியிருக்கிறது. சிரிக்கிறோம். ஆனால் முதியோர் இல்லமா, ஜெயிலா எது மேல் என்ற ஒப்பீடு நகைச்சுவை மட்டும் இல்லை என்று சிரித்து முடித்த பிறகு உறைக்கிறது.

2020-ல் பிரிட்டனில் வந்து சக்கைப்போடு போட்ட ரிச்சர்டு ஆஸ்மனின் 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' பற்றி நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். 2025-ல் ஹெலன் மிர்ரன் நடித்து நெட்ஃபிளிக்ஸ் படமாகவும் வந்தது. கென்ட் பகுதியில் வசதியான ஓய்வுக்கால குடியிருப்பு. முன்னாள் உளவுத்துறை எலிசபெத், முன்னாள் நர்ஸ் ஜாய்ஸ், முன்னாள் தொழிற்சங்கக்காரர் ரான், மனநல மருத்துவர் இப்ராஹிம். நாலு பேரும் வாரா வாரம் வியாழக்கிழமை கூடி, தீர்க்கப்படாத கொலை வழக்குகளை அலசுகிறார்கள். யாரும் எட்டிப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, அந்த அறையை 'ஜப்பானிய ஓபரா: ஒரு கலந்துரையாடல்' என்ற பெயரில் புக் பண்ணியிருக்கிறார்கள்!

தன் அம்மா வசிக்கும் அப்படிப்பட்ட ஓர் இடத்துக்குப் போனபோதுதான் இந்த ஐடியா வந்தது என்று ஆஸ்மன் சொல்லியிருக்கிறார். ஜாய்ஸின் டைரிப் பக்கங்கள் படு தமாஷ். கொலையில் ஆரம்பித்துக் கேக்கில் போய் நிற்பார். ஆனால் அதே புத்தகத்தில், எலிசபெத்தின் கணவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருக்கிறது. எதற்கும் அஞ்சாத அந்தப் பெண்மணி, அதை யாருக்கும் தெரியாமல் மறைக்கப் படாதபாடு படுகிறார். அவருக்குத் துப்புத் துலக்க முடியாத ஒரே வழக்கு அவர் வீட்டுக்குள் இருக்கிறது.

எனக்கு ரொம்ப நெருக்கமாகத் தெரிந்தவர் வேரா வோங். இந்தோனேசிய எழுத்தாளர் ஜெஸ்ஸி சுடன்டோ 2023-ல் எழுதிய நாவலின் நாயகி. வயது 60. சான் ஃபிரான்சிஸ்கோ சைனா டவுனில் ஆள் வராத டீக்கடை. விடிவதற்கு முன் எழுந்துவிடுவார். மகனுக்கு மெசேஜ் போடுவார், 'இன்னும் எழுந்திருக்கலையா?' என்று. மகன் பதில் போடமாட்டான். ஒரு நாள் காலை கடைக்குள் ஒரு பிணம். வேரா என்ன செய்கிறார்? போலீஸ் வருவதற்குள் அவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்று, மார்க்கர் பேனாவால் பிணத்தைச் சுற்றிக் கோடு போட்டு வைக்கிறார். வருகிறவர்களுக்கு டீயும் தயார். போலீஸ் இவரைப் பொருட்படுத்தவில்லை. சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று இறங்குகிறார். சந்தேகத்துக்குரிய இளைஞர்களை ஒவ்வொருவராகப் பிடித்து, விசாரணை நடத்தும் சாக்கில் வயிறு முட்டச் சாப்பாடு போடுகிறார். கேட்காத அட்வைஸையும் கூடவே பரிமாறுகிறார். கொலைகாரன் கிடைப்பதற்குள் ஒரு குடும்பமே கிடைத்துவிடுகிறது. இந்தப் பெண்மணிக்குச் சேலை கட்டிவிட்டால் நம் தெருவில் நாலு பேர் தேறுவார்கள் இல்லையா?

நம்மிடம் சிரிக்க வைக்கும் துப்பறிவாளர் உண்டு. தேவனின் துப்பறியும் சாம்பு. சிரிக்க வைக்கும் கெத்தான பாட்டியும் உண்டு. பாக்கியம் ராமசாமியின் சீதாப்பாட்டி. இருவருமே வாரப் பத்திரிகை வாசகர்களின் வீட்டு மனிதர்கள். சாம்புவின் வழக்கு ஒன்றைச் சீதாப்பாட்டி கையில் கொடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சாம்பு தட்டுத் தடுமாறி விடைமேல் விழுவார். சீதாப்பாட்டி மீட்டிங் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றிப் பிடித்திருப்பார்.

சரி, பேப்பரை எடுத்தது யார்?

நாலாவது வாரம், வாட்ச்மேன் அண்ணனை மாற்றுவது பற்றி மீட்டிங் என்று குரூப்பில் செய்தி வந்த ராத்திரி, மிஸஸ் பாலிஃபாக்ஸைப் பாதியில் மூடிவிட்டு அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அப்பத்தா, அந்தப் பேப்பர் விஷயம்... நீங்க என்ன நினைக்கிறீங்க?"

அப்பத்தா நாலு வாரத்துப் பேப்பரையும் தலையணைக்குக் கீழே மடித்து வைத்திருந்தார்.

"இங்க பாரு. நாலு வாரமும் வெட்டுனது வரன் வெளம்பரப் பக்கம். மேல 'மணமகன் தேவை' அப்புடியே இருக்கு. கீழ 'மணமகள் தேவை'யத்தேன் வெட்டியிருக்காக. அப்ப யாரு? பொண்ணு வச்சிருக்கறவுக. டிபன் மடிக்கிறவன் இம்புட்டு நேரா கத்தரி போட்டா வெட்டுவான்?"

நான் வாயைப் பிளந்தேன். அப்பத்தா நிறுத்தவில்லை. லிஃப்ட்டில் ஒரு நாள் ஒரு பெரியவர் சும்மா பேச்சுவாக்கில், உத்திர நட்சத்திரத்துக்கு எதெல்லாம் பொருந்தும் என்று கேட்டாராம். தன் மகளுக்கு இப்போதைக்குக் கல்யாணம் வேண்டாமாம், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதாம் என்று குடியிருப்பு முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். அவர் வீட்டில் பேப்பர் வாங்குவதை மகள் நிறுத்திவிட்டாள். மேட்ரிமோனி ஆப்பில் பதிவு செய்தால் ஓடிபி மகள் போனுக்குப் போகும். பாவம் மனுஷன், வேறு வழி?

"குரூப்ல போட்டுடவா?" என்று போனை எடுத்தேன்.

அப்பத்தா என் கையைப் பிடித்தார். "பேரைப் போட்டா அவரு நாளைக்கு எப்புடிப் படியேறுவாரு? வாட்ச்மேன் எடுக்கலன்னு மட்டும் போடு. அது போதும்."

அப்படியே போட்டேன். 'பேப்பர் பிரச்னை தீர்ந்தது. எடுத்தது வாட்ச்மேன் அண்ணன் இல்லை. அவரைச் சந்தேகப்பட்டதற்கு அவரிடம் நான் மன்னிப்பு கேட்டுவிட்டேன், நீங்களும் கேளுங்கள்.' மீட்டிங் ரத்தானது. அடுத்த ஞாயிறு, அப்பத்தா சொன்னபடி அந்த ஒரு பக்கத்தை மட்டும் தனியாக எடுத்து ஒரு கதவுக்குக் கீழே சொருகிவிட்டு வந்தேன். இப்போது வாராவாரம் இது என் டியூட்டி. (எந்த மாடி என்று கேட்காதீர்கள். நட்சத்திரத்தையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அப்பத்தா உத்தரவு.)

அன்றைக்கே அந்த டாக்டரின் கேள்வியையும் கேட்டுவிட்டேன். "சின்ன வயசுல நீங்க என்ன ஆகணும்னு நினைச்சீங்க அப்பத்தா?"

கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருந்தவர், கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"தபால்காரரு."

"தபால்காரரா! ஏன்?"

"ஊரு பூரா நடக்கலாம்ல. எங்க போறன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாக."

இருபத்தைந்து வருஷமாகத் தெரியும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆளைப் பற்றி, அன்றைக்குத்தான் முதல் துப்பு கிடைத்தது. விசாரணை தொடர்கிறது.

அடுத்த வாரம் சந்திப்போம். அதற்குள் உங்கள் வீட்டில் ஒருமுறை ஆட்களை எண்ணிப் பாருங்கள். மூலையில் இருப்பவரையும் சேர்த்து.